ஆகஸ்ட் வாய்தா

நான் வக்கீலா இல்லையா என்று யாராவது கேட்டால், எந்த ஊரில் நின்று கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். காரைக்காலில் கேட்டால் ஆமாம். பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் ஊரில் கேட்டால், நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைக்கிறவள். கிறிஸ்டி, பி.ஏ., பி.எல்., தட்டு எடுத்து வைக்கிறாள். இதைச் சொன்னால் என் கணவர் தியேரிக்குக் கோபம் வரும். வேலையில் என்ன கேவலம் என்பார். கேவலம் என்று நான் எங்கே சொன்னேன்? வேலை வேலைதான். ஆனால் ஏழு வருஷம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் நின்றவளும் நான்தானே. அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தியேரி வீட்டார் காரைக்கால் சொல்தா, அதாவது சிப்பாய்க் குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள். அவரைக் கட்டிக்கொண்டு நானும் விமானம் ஏறினேன். இப்போது எனக்கும் அந்தக் குடியுரிமைக்கு மனுப் போடும் காலம் வந்துவிட்டது. அது கைக்கு வந்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்போது வக்கீல் பதிவு என்ன ஆகும்? மூன்று பேரைக் கேட்டேன். "தானாப் போயிடும்" என்றார் ஒருவர். "அதுக்கு முன்னாடி நீயே ஒப்படைச்சிட்டாத்தான் மரியாதை" என்றார் அடுத்தவர். "யாரு வந்து பாக்கப்போறா, பேசாம வச்சிக்க" என்றார் மூன்றாமவர். மூன்று பேரும் வக்கீல்கள். வக்கீல்களிடம் யோசனை கேட்டால் இப்படித்தான் ஆகும் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். பதிவை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் நான் கறுப்பு அங்கியோடு நிற்கும் போட்டோ மாட்டியிருக்கிறது. அப்பா மரியசெல்வம் அதற்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்காருவார். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறுவதா வேண்டாமா என்று ஒரு நொடியில் முடிவு செய்தவர்தான். என் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

காலையில் காபியோடு வந்து, "வச்சிக்கம்மா. இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் புடிக்காத" என்பார். சாயங்காலம் ஜெபமாலை முடித்துவிட்டு வந்து, "விட்டுடும்மா. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு எத்தனை நாளைக்கு நிப்ப?" என்பார்.

"காலையில வேற சொன்னீங்களேப்பா."

"காலையில வேற யோசனை."

என் குழப்பம் போதாதென்று அவர் குழப்பத்தையும் நானே சுமக்க வேண்டியதாயிற்று.

முத்தையன் என்னோடு சட்டக் கல்லூரியில் படித்தவன். பாரதியார் வீதியில் ஒரு மாடியறையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அலுவலகம் வைத்திருந்தோம். நான் போன பிறகு என் வழக்குக் கட்டுகளையெல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான். கூப்பிடும்போது எழுந்து நின்று, "மேடம் பிரான்ஸ் போயிருக்காங்க, வாய்தா வேணும்" என்று அடுத்த தேதி வாங்குவான். வேறு ஊர் கோர்ட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிறார். வழக்குப் போட்டவர் அங்கே, வழக்கில் மாட்டியவர் இங்கே, சாட்சி அங்கே. அங்கே லீவு விடுகிற ஆகஸ்டில்தான் எல்லோரும் வந்து சேருவார்கள். அதனால் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எங்களுக்குள் ஆகஸ்ட் கேஸ் என்றே பெயர்.

ஒரு கட்சிக்காரர் வக்கீலை மாற்ற வேண்டுமானால் பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் வந்த மறுநாளே முத்தையன் என் கட்சிக்காரர்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தான். மனத்துக்குள் கொஞ்சம் பயமாக இருந்தது. அழுவார்களோ, விடமாட்டேன் என்பார்களோ, எப்படிச் சமாளிப்பது என்று. ஒருவரும் அழவில்லை. பூவம் கிராமத்துப் பெரியவர் என் கையெழுத்தின் மை காய்வதற்குள் முத்தையனிடம், "அடுத்த வாய்தா என்னைக்கு தம்பி?" என்று கேட்டார். பட்டினச்சேரியிலிருந்து வந்த அம்மாள், சென்ட் பாட்டில் ஏதும் கொண்டுவந்தேனா என்று விசாரித்தார். இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பேனாவைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கடைசியாக வந்தவர் ஆஸியா பீவி. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பிள்ளை இல்லை. அவருடைய வாப்பா கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். பிரான்சில் இருக்கும் தம்பி நெய்னா முகம்மது அந்த வீட்டில் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அவர்கள் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. அந்த வீட்டைப் பிரித்தால் யாருக்கும் உதவாது. விற்றுத்தான் காசைப் பிரிக்க முடியும். ஆஸியா பீவிக்காக நான் எதிர்வழக்காடிக்கொண்டிருந்தேன். அதாவது, பிரான்ஸ் போகிற வரைக்கும்.

நான் பேனாவை எடுத்ததும் அவர் வழக்குக் கட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்தெல்லாம் வேணாம். நீங்கதான் என் வக்கீலு."

"நான் இங்க இல்லியேம்மா."

"இல்லாட்டி என்னா? எனக்கு வேற ஆளு வேணாம்."

"ஏம்மா, என்னப் பாத்தா வக்கீலாத் தெரியலையா?" என்றான் முத்தையன்.

"நீங்களும் நல்ல புள்ளதான் தம்பி. ஆனா வக்கீலம்மா மாதிரி வராது."

பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவருக்காவது நான் வேண்டும். ஊர் முழுக்க என்னை உதறிவிட்டாலும் இந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முத்தையன்தான் முகத்தைச் சுளித்தான். "இந்தத் தடவை கடைசி வாய்ப்புன்னு ஜட்ஜ் சொல்லிட்டாங்க. நீ நடத்தணும், இல்லன்னா அவங்க வேற வக்கீல் வைக்கணும். ரெண்டும் இல்லன்னா தம்பி பக்கம் தீர்ப்பு ஆயிடும்" என்றான்.

"நானே நடத்துறேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் தியேரி போனில் கூப்பிட்டார். "குடியுரிமை மனுவுக்குப் பப்பியே எல்லாம் ரெடி. உன் கையெழுத்துதான் பாக்கி. அங்க முடிச்சிட்டியா?"

"ஒரு கேஸ் இருக்கு. நடத்திட்டுச் சொல்றேன்."

"ஒரு கேஸா? அது முடிஞ்சா இன்னொரு கேஸ் வரும். நீ இங்க இருக்கப்போறியா, அங்க இருக்கப்போறியா, அதை மட்டும் சொல்லு."

"அங்க எனக்கு என்ன வேலை? தட்டு எடுத்து வைக்கிறதுக்கு நான் இல்லன்னா ஆளே கெடைக்காதா?"

"எனக்கு நீ வேணும் கிறிஸ்டி. அது ஒரு வேலை இல்லதான்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வழக்குக் கட்டை வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தேன். முன்பு நான் எழுதிய எதிருரையையே யாரோ எழுதியது போலப் படித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு வரி. வாப்பா சாவதற்கு வெகுநாள் முன்பே, நாலு பேர் முன்னிலையில், இந்த வீடு என் மகளுக்குத்தான் என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கினார் என்று எழுதியிருந்தேன். அவர்கள் சட்டத்தில் இப்படி வாய்ச்சொல்லாகக் கொடுத்தாலே செல்லும். கொடுத்ததையும், வாங்கிக்கொண்டதையும், வீடு கைக்கு வந்ததையும் நிரூபித்தால் போதும். அந்த நாலு பேரில் பக்கத்து வீட்டு ரிஃபாய் இன்னும் திடமாக இருக்கிறார். அவரைக் கூண்டில் ஏற்றினால் வழக்கு நம் பக்கம். பாகமே கிடையாது, வீடு முழுக்க ஆஸியா பீவிக்கு.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை காலம் ஆயிற்று இப்படி ஆகி. அப்பாவிடம் போய், "பதிவை ஒப்படைக்கலப்பா, வச்சிக்கறேன்" என்றேன்.

"அதான் காலையிலேயே சொன்னேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஆஸியா பீவியின் வீட்டுக்குப் போனேன். சாட்சி சொல்லும்போது எப்படிப் பேச வேண்டும் என்று அவரைத் தயார் செய்ய வேண்டுமே. கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாய் விரித்து ஒருவர் உட்கார்ந்து மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்தார்.

"வாங்க, வாங்க. லாத்தா, ஒன் வக்கீலம்மா வந்திருக்காங்க."

லாத்தா என்று அக்காளைக் கூப்பிட்டவர் நெய்னா முகம்மது. வழக்குப் போட்ட வாதி. நான் எதிர்த்தரப்பு வக்கீல். அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவரோ, "சாப்புடுறீங்களா? கொடுவா மீன்" என்கிறார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஆஸியா பீவியைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னம்மா இது? அவரு இங்க என்ன பண்றாரு?"

"சாப்புடுறான்."

"அது தெரியுது. கேஸ் போட்ட மனுஷன உள்ள வச்சிச் சோறு போடுறீங்களே."

"அதுக்கு, தம்பிய லாட்ஜுல தங்கச் சொல்றதா?"

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று வாய்ச்சொல் தானத்தை விளக்கினேன். ரிஃபாய் சாட்சி சொன்னால் போதும், ஜெயித்துவிடலாம் என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஜெயிச்சா?"

"வீடு முழுசா உங்களுக்கு."

"தம்பிக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப அவன் எதுக்கு வருவான்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பிரான்ஸ் போனவன் திரும்பியே பாக்கல. வாப்பா மவுத்துக்குக்கூட வரல. கேஸ் போட்டப்பதான் ஊரு ஞாபகம் வந்துச்சு. மொத ஆகஸ்ட்டு வந்தப்ப மொகம் குடுத்துப் பேசல. அடுத்த ஆகஸ்ட்டுல கோர்ட்ட விட்டு வெளிய வந்தா நல்ல மழை, ஒரே ஆட்டோதான் நின்னுச்சு. ஏறுடான்னேன். ஏறிட்டான். அன்னேலேருந்து இங்கதான் எறங்குறான். கோர்ட்டுக்கும் ஒண்ணாத்தான் போறோம். அவன் வக்கீலு பாத்துருவாருன்னு ஒரு தெரு முன்னாடியே எறங்கிப்பான்."

"அப்ப சமாதானமாப் போயிடுங்களேன். வழக்கு எதுக்கு?"

"வழக்க எடுத்துட்டா பங்கப் பிரிக்கணும், இல்ல அவன் விட்டுக்குடுக்கணும். பிரிச்சா வீடு போயிரும். விட்டுக்குடுத்துட்டா இங்க அவனுக்கு என்னா இருக்கு, டிக்கெட் போட்டு வர்றதுக்கு? தோத்தா வீடு போயிரும், ஜெயிச்சாத் தம்பி போயிருவான். வாய்தான்னா ரெண்டும் இருக்கு வக்கீலம்மா."

"வாய்தா வாங்க முத்தையன் போதாதா? நான்தான் வேணும்னு ஏன் அடம் புடிச்சீங்க?"

"அவரு ஊருல இருக்காரே. ஊருல இருக்குற வக்கீலப் பாத்து ஜட்ஜு, நடத்துய்யான்னு சொல்லிருவாங்க. நீங்க பிரான்ஸுல இருக்கீங்க. அதான் தோதா இருக்கு."

அந்த அம்மாள் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் கெட்டிக்காரி என்று அவர் என்னை வைத்துக்கொள்ளவில்லை. நான் இல்லாததுதான் அவருக்கு வேண்டியிருந்தது. டீ குடிக்காமலே கிளம்பிவிட்டேன். அரசலாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக்கொண்டு அந்த அம்மாளைத் திட்டினேன், முத்தையனைத் திட்டினேன், தியேரியையும் ஒரு பாட்டம் திட்டினேன். திட்டித் தீர்த்த பிறகு திட்டுவதற்கு நான் மட்டும்தான் மிச்சம். இரண்டும் இருக்க வேண்டும் என்று நான் மட்டும் நினைக்கவில்லையா? அந்தப் பதிவு எனக்குத்தான் என்ன வேலை பார்த்தது, சுவரில் தொங்கியதைத் தவிர? அப்படியென்றால் விட்டுவிடலாம். ஆனால் ஜெயிக்கிற வழக்கு கையில் இருக்கிறதே. இதையும் விட்டுவிட்டுப் போய்த் தட்டு எடுத்து வைப்பதா? ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்தேன். அப்பா, "விட்டுடும்மா" என்றார். சாயங்காலம் ஆகியிருந்தது.

வழக்கு நாளன்று கோட்டைப் போட்டால் பொத்தான் சேரவில்லை.

"கோட்டு சுருங்கிடுச்சா, பிரான்ஸ் ரொட்டி வேலை செஞ்சிருக்கா?" என்றான் முத்தையன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "உடம்பு சரியில்லைன்னு சொல்லு. இன்னொரு வாய்தா கேட்டுப் பாப்போம்" என்றான்.

"கோர்ட்டுல நான் பொய் சொன்னதில்ல."

"அப்ப நடத்து."

"நடத்தக்கூடாதுன்னு கட்சிக்காரர் சொல்றாங்க."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். மறுபக்கம் நெய்னா முகம்மதுவின் வக்கீல் வைத்தியலிங்கம் எழுந்தார். தலை நரைத்தவர், எதிராளிக்கு ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காதவர். நீதிபதி என் வயதுதான் இருக்கும். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஒருவழியா வந்துட்டீங்க. பிரான்ஸ்ல எல்லாரும் சௌக்கியமா?"

கோர்ட் முழுக்கச் சிரித்தது. "நடத்தலாமா?" என்றார்.

வாதம் முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. ரிஃபாயைச் சாட்சியாக அழைக்க அனுமதி வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அப்புறம் அது தன்னால் ஓடும். திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சில் ஆஸியா பீவி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு ஆள் தள்ளி அவருடைய தம்பி. இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, அந்த வழக்கை நடத்த. வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"யுவர் ஆனர், இந்த வழக்கை நான் நடத்த முடியாது" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். "நான் பிரான்சிலேயே குடியேறிட்டேன். என் வக்கீல் பதிவை ஒப்படைக்கிறேன். பிரதிவாதி புது வக்கீல் வைக்கணும். அதுக்கு அவகாசம் வேணும்."

"எப்பலேருந்து ஒப்படைக்கிறீங்க?"

"இன்னையிலேருந்து."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "வக்கீலே இல்லாம அந்தம்மாவ நடத்தச் சொல்ல முடியாது. வாதி தரப்புல என்ன சொல்றீங்க?"

வைத்தியலிங்கம் கடுமையான ஆட்சேபணைக்கு வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து நெய்னா முகம்மது எழுந்துவந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். காதோடு என்னவோ சொன்னார். வைத்தியலிங்கம் அவரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, "ஆட்சேபணை இல்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுஷனுக்கும் வாய்தாதான் வேண்டியிருந்தது.

"வாதிய விசாரிக்கணுமே. அவர் இனிமே எப்ப வருவார்?" என்றார் நீதிபதி.

"அவருக்கு லீவு ஆகஸ்ட்லதான், யுவர் ஆனர்."

"அடுத்த ஆகஸ்ட்" என்று எழுதிக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். போனில் தியேரி. என்ன முடிவு என்று கேட்டார்.

"விட்டுட்டேன்."

"நெஜமாவா? எப்புடி?"

"கட்சிக்காரர் வாய்தா கேட்டாங்க. வேற காரணம் கைவசம் இல்ல."

"எனக்குப் புரியல கிறிஸ்டி."

"எனக்கும்தான்" என்றேன். முடிவை நான் எடுத்தேனா, அந்த வழக்கு எடுத்ததா என்று சத்தியமாகத் தெரியவில்லை. கோர்ட்டில் சொன்னது சொன்னதுதான். அதை மட்டும் மாற்ற முடியாது. நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். போனை வைக்காமல் சும்மா இருந்தார்.

ஆஸியா பீவி பின்னாலேயே வந்துவிட்டார். வாயெல்லாம் பல். "இத்தினி வருசத்துல இன்னைக்கித்தான் நல்லாப் பேசுனீங்க வக்கீலம்மா" என்றார். பிறகு முத்தையன் பக்கம் திரும்பி, "தம்பி, உங்களுக்கு பிரான்ஸ் விசாவெல்லாம் கெடைக்குமா?" என்று கேட்டார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் இனிமே வக்கீலம்மா இல்லம்மா" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்னான்னு கூப்புடுறது?"

"கிறிஸ்டின்னு கூப்புடுங்க."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வைத்தியலிங்கம் பார்ப்பாரே என்ற பயம் இந்த முறை இல்லை. தம்பி முதலில் ஏறித் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். ஆஸியா பீவி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த ஆகஸ்ட்டு ஊருக்கு வருவீங்கள்ல கிறிஸ்டி? நேரா வீட்டுக்கு வந்துருங்க. தம்பியும் இருப்பான்."